மருத்துவ ஆய்வு முடிவும் மக்கள் மொழியும்: பல்கலைக்கழகச் செய்திக்குறிப்புகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவ ஆய்வுகளின் முடிவுகள் ஆய்விதழிலிருந்து பொதுமக்களைச் சென்றடையும் வழியில் பல்கலைக்கழகங்கள் வெளியிடும் செய்திக்குறிப்பு முதன்மையான இடம் பெறுகிறது. முடிவுகள் மிகைப்படுவது ஊடகங்களால் மட்டுமே நேர்வது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அக்கருத்தை மறுபரிசீலனைக்கு உள்ளாக்கியது. அவ்வாய்வு சுட்டும் மூவகை மிகைக்கூற்றுகளையும், எண்களை எடுத்துரைப்பதில் எழும் சிக்கலையும், பொதுப்பதிவில் உள்ள நிகழ்வுகளின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தமிழில் மருத்துவச் செய்தி எழுதும்போது வினைமுற்று, வேற்றுமை உருபு, கலைச்சொல் ஆகியவை பொருளை மாற்றும் இடங்களையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: செய்திக்குறிப்பு, மிகைக்கூற்று, தொடர்பும் காரணமும், சார்பு இடர், தனி இடர், அறிவியல் தமிழ்.

முன்னுரை

மருத்துவ அறிவை மக்கள் மொழியில் கூறும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கியதோடு தமிழ் வழியாகவே மாணவர்க்கு மருத்துவமும் கற்பித்தார். அவர் முன்னிருந்த பணி, நிலைபெற்ற அறிவைப் பாடநூலாக்குவது. இன்றைய பல்கலைக்கழக ஆய்வாளர் முன்னிருப்பது வேறொரு பணி. இன்னும் நிலைபெறாத, நாளை திருத்தப்படக்கூடிய ஒரு முடிவை, அதனைக் கேட்டவுடன் மருந்தை நிறுத்தவோ தொடங்கவோ கூடிய மக்களிடம் அவர் கூற வேண்டியுள்ளது. பாடநூலில் நேரும் பிழையை அடுத்த பதிப்பில் திருத்தலாம். செய்தியில் நேரும் பிழை, திருத்தம் வருமுன்னரே செயலாகிவிடுகிறது.

ஆய்விதழ்க் கட்டுரையைப் பொதுமக்கள் படிப்பதில்லை. இதழாளர் பலரும் முழுமையாகப் படிக்க இயலுவதில்லை. கட்டுரை வெளியாகும் நாளில் பல்கலைக்கழகத்தின் செய்தித் தொடர்பு அலுவலகம் இரண்டொரு பக்க அளவில் ஒரு குறிப்பு வெளியிடுகிறது. ஆய்வாளர் அதனைப் பார்த்து ஒப்புதல் அளிக்கிறார். நாளிதழ்ச் செய்தியின் தலைப்பும் முதல் பத்தியும் பெரும்பாலும் இக்குறிப்பிலிருந்தே உருவாகின்றன. ஆகவே ஆய்வாளரின் பொறுப்பு ஆய்விதழோடு முடிவதில்லை.

கார்டிஃப் ஆய்வு

பிரித்தானியாவின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட, உடல்நலம் சார்ந்த 462 செய்திக்குறிப்புகளைக் கார்டிஃப் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் பெட்ரோக் சம்னர், கிறிஸ்டபர் சேம்பர்ஸ் முதலியோர் ஆராய்ந்தனர். ஒவ்வொரு குறிப்பையும் அதற்கு மூலமான ஆய்விதழ்க் கட்டுரையோடும், அதனின்று பிறந்த செய்திகளோடும் ஒப்பிட்டனர். ஒப்பிடப்பட்ட செய்திகள் 668. இவ்வாய்வு 2014இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது.

அவர்கள் மூவகை மிகைக்கூற்றுகளைக் கணக்கிட்டனர். கட்டுரை கூறாத அளவுக்கு வாசகர்க்கு நேரடி அறிவுரை வழங்குவது முதல் வகை. தொடர்பு மட்டுமே காட்டிய ஆய்வைக் காரணம் காட்டியதாகக் கூறுவது இரண்டாம் வகை. விலங்குகளில் கண்டதை மனிதர்க்கு உரித்தாக்குவது மூன்றாம் வகை. செய்திக்குறிப்புகளில் முதல் வகை 40 விழுக்காடும், இரண்டாம் வகை 33 விழுக்காடும், மூன்றாம் வகை 36 விழுக்காடும் காணப்பட்டன.

குறிப்பு மிகைபடக் கூறியபோது செய்தியும் மிகைபடக் கூறிய அளவு, இம்மூவகையிலும் முறையே 58, 81, 86 விழுக்காடு. குறிப்பு அடக்கமாக இருந்தபோது அவ்வளவு 17, 18, 10 விழுக்காடாகவே இருந்தது. மிகைப்படுத்திய குறிப்புகளே ஊடகங்களில் கூடுதலாக இடம்பெற்றன என்பதற்குக் குறிப்பிடத்தக்க சான்று கிடைக்கவில்லை. மிகைக்கூற்றின் ஒரு பகுதி ஆய்வு நிறுவனத்தின் வாயிலிலேயே தொடங்குகிறது என்பதும், அதனால் அந்நிறுவனத்திற்கு எதிர்பார்த்த ஆதாயம் இல்லை என்பதும் இதனால் புலப்படுகின்றன.

அமெரிக்காவிலும் இத்தகைய நிலையே கண்டறியப்பட்டது. டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீவன் வோலோஷின், லிசா ஷ்வார்ட்ஸ் முதலியோர் 20 மருத்துவக் கல்வி மையங்களின் 200 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். விலங்கு ஆய்வு, ஆய்வுக்கூட ஆய்வு ஆகியவை பற்றிய குறிப்புகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, மனித உடல்நலத்தோடு அவ்வாய்வுக்குத் தொடர்புண்டு என வெளிப்படையாகக் கூறின. அவற்றுள் பெரும்பாலானவை, மனிதர்க்கு இது பொருந்தாமலும் போகலாம் என்ற எச்சரிக்கையைத் தரவில்லை.

கட்டுரை கூறாத அறிவுரை

முதல் வகை மிகைக்கூற்றின் விளைவை அறிய 1998ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்றே போதுமானது. அவ்வாண்டு பிப்ரவரியில் லான்செட் இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசிக்கும் அக்குழந்தைகளிடம் கண்ட குறைபாட்டுக்கும் தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று அக்கட்டுரையே கூறியது. எனினும் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், கூட்டுத் தடுப்பூசியை விடுத்து மூன்றையும் தனித்தனியே இடுவது நன்று என வேக்ஃபீல்டு அறிவுறுத்தினார்.

கட்டுரை சொல்லத் துணியாததைக் கூட்டம் சொல்லிவிட்டது. பெற்றோரைச் சென்றடைந்தது கூட்டத்தின் சொல்லே. இங்கிலாந்தில் 1990களின் நடுவில் 92 விழுக்காடு அளவில் இருந்த இத்தடுப்பூசி ஏற்பு, 2003-04இல் 80 விழுக்காடு அளவுக்குத் தாழ்ந்தது. ஒழியும் நிலையிலிருந்த தட்டம்மை மீண்டும் பரவியது. அக்கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. வேக்ஃபீல்டின் பெயர் பிரித்தானிய மருத்துவப் பதிவேட்டிலிருந்து அதே ஆண்டு நீக்கப்பட்டது. கட்டுரை வெளியானதற்கும் திரும்பப் பெறப்பட்டதற்கும் இடையே 12 ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்நிகழ்வில் ஆய்வு நெறிமுறை மீறல்களும் பின்னர் வெளிப்பட்டன. ஆனால் அவை எவையும் நிகழ்ந்திராவிடினும், 12 குழந்தைகளைக் கொண்ட ஓர் ஆய்விலிருந்து ஒரு நாட்டின் தடுப்பூசி நடைமுறைக்கு அறிவுரை பிறக்க இயலாது. தனி ஆய்வு ஒன்று வாசகர்க்குத் தகவல் தரலாம். அறிவுரை என்பது பல ஆய்வுகளை ஒருசேர மதிப்பிட்ட பின்னரே எழ வேண்டும்.

தொடர்பும் காரணமும்

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வழங்கப்பட்ட ஹார்மோன் மருத்துவத்தின் வரலாறு இரண்டாம் வகைக்குத் தக்க சான்றாகும். இம்மருந்தை உட்கொண்ட பெண்களிடையே இதய நோய் குறைவாக இருப்பதை அமெரிக்காவில் நடந்த பெரிய உற்றுநோக்கல் ஆய்வுகள் காட்டின. மருந்து இதயத்தைக் காக்கிறது என்ற நம்பிக்கை மருத்துவரிடையேயும் மக்களிடையேயும் பரவியது. ஆனால் மருந்தை விரும்பி உட்கொண்ட பெண்கள் பொதுவாகக் கூடுதல் வருவாயும் கல்வியும் உடையவர்களாகவும், உடல்நலத்தில் கூடுதல் அக்கறை கொண்டவர்களாகவும் இருந்தனர். நலத்திற்கு மருந்து காரணமா, வாழ்நிலை காரணமா என்பதை உற்றுநோக்கல் ஆய்வால் முற்றாகப் பிரித்தறிய இயலாது.

இவ்வினாவுக்கு விடை காணவே பெண்கள் நல முனைவு என்னும் பேராய்வு அமெரிக்காவில் நடத்தப்பட்டது. அதன் ஒரு பிரிவில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரண்டும் கலந்த மாத்திரை ஆராயப்பட்டது. அப்பிரிவில் 16,608 பெண்கள் இருந்தனர். யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்பது குலுக்கல் முறை போன்ற வாய்ப்பு ஒதுக்கீட்டால் முடிவு செய்யப்பட்டது. சராசரியாக 5.2 ஆண்டுகள் கடந்த நிலையில், 2002 ஜூலையில், தீங்கு நன்மையை விஞ்சுகிறது எனக் கருதி அப்பிரிவு உரிய காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. இதய நோய் குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது.

இங்கு இரண்டு பாடங்கள் உள்ளன. தொடர்பைக் காரணமாகக் கொண்டதால் முன்பு தோன்றியது மிகையான நம்பிக்கை. அதன்பின் தோன்றியதோ மிகையான அச்சம். மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடுகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஆய்விதழ்க் கட்டுரை அதனை வேறு வகையிலும் கூறியிருந்தது. மருந்து உண்ணும் 10,000 பெண்களை ஓராண்டு காலம் கருதினால், மார்பகப் புற்றுநோய் கூடுதலாக 8 பேருக்கும், பக்கவாதம் கூடுதலாக 8 பேருக்கும், இதய நோய் கூடுதலாக 7 பேருக்கும் ஏற்படும். பெருங்குடல் புற்றுநோய் 6 பேருக்கும், இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்கும் குறையும். கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்ற தொடக்க ஆண்டுகளில், ஐம்பது வயதையொட்டிக் கடும் உடற்சூட்டு அலைகளால் துன்புற்று மருந்தை நாடும் பெண்ணுக்கு இம்முடிவு அப்படியே பொருந்துமா என்ற வினாவுக்குச் செய்திகளில் இடமிருக்கவில்லை. வயதையும் மாதவிடாய் நின்ற பின் கடந்த காலத்தையும் பொறுத்து இடர் மாறுபடுவதைப் பிந்தைய பகுப்பாய்வுகள் காட்டின.

எண்ணை எடுத்துரைத்தல்

இடரின் அளவை இருவகையாகக் கூறலாம். ஒரு குழுவின் இடர் மற்றொரு குழுவின் இடரைப் போல் எத்தனை மடங்கு என்பது சார்பு இடர். இத்தனை பேரில் இத்தனை பேருக்கு என்பது தனி இடர். இரண்டும் உண்மையே. ஆயினும் சார்பு இடரை மட்டும் கூறுவது, அடிப்படை அளவை மறைத்துவிடுகிறது.

பிரித்தானியாவில் 1995 அக்டோபரில் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் குருதி உறைவு இடரை இரு மடங்காக்குகின்றன என மருத்துவர்களுக்கும் ஊடகங்களுக்கும் அறிவித்தது. இச்செய்தியால் அஞ்சிய பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினர். மூல ஆய்வுகளின்படி, முந்தைய தலைமுறை மாத்திரை உண்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு ஏற்பட்ட குருதி உறைவு, புதிய மாத்திரை உண்ட 7,000 பேரில் இருவருக்கு ஏற்பட்டது. விரும்பாக் கருவுறுதல்கள் பெருகின. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. கருவுறுதலே, அம்மாத்திரையைக் காட்டிலும் மிகுதியான குருதி உறைவு இடரை உடையது என்பது இதிலுள்ள பெருந்துயரம். பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சார்ந்த கெர்ட் கிகரென்சரும் அவர்தம் குழுவினரும் இந்நிகழ்வை எடுத்துக்காட்டி, மக்களுக்கு உரைக்கும் இடமெல்லாம் தனி இடரைக் கூறுக என வலியுறுத்தி வருகின்றனர்.

இடரின் அளவோடு சான்றின் வலிமையைக் குழப்புவதும் உண்டு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இடம்பெற்றுள்ள அதே முதல் வகையில் சேர்த்தது. இறைச்சி புகையிலைக்கு நிகரான கேடு எனச் செய்திகள் எழுந்தன. ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே அவ்வகைப்பாடு குறிக்கிறது. கேட்டின் அளவை அது குறிப்பதில்லை.

தமிழில் நேரும் பொருள் மாற்றம்

ஆய்வு முடிவைத் தமிழில் விளக்குவோர்க்கு மேற்கூறியவற்றோடு மொழி சார்ந்த சில இடர்ப்பாடுகளும் உள்ளன. அவற்றை நான்கு நிலைகளில் காணலாம்.

முதலாவது வேற்றுமை உருபு. 'இறைச்சியை மிகுதியாக உண்போரிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது' என்பது தொடர்பை மட்டும் கூறும். 'இறைச்சியை மிகுதியாக உண்பதால் இந்நோய் கூடுகிறது' என்பது காரணத்தைக் கூறும். உற்றுநோக்கல் ஆய்வுக்கும் வாய்ப்பு ஒதுக்கீட்டு ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் 'ஆல்' என்னும் ஓர் உருபில் அடங்கிவிடுகிறது. செய்தித் தலைப்பில் சொற்சுருக்கம் தேடுவோர் இவ்வுருபை எளிதில் நாடுவர்.

இரண்டாவது வினைமுற்று. 'இம்மருந்து நோயைக் குறைக்கும்' என்னும் தொடரில் உள்ள 'உம்' ஈறு எதிர்காலத்தையும் குறிக்கும். 'கதிரவன் கிழக்கில் உதிக்கும்' என்பதுபோல் என்றுமுள்ள இயல்பையும் குறிக்கும். ஐயத்தோடு கூறப்பட்ட ஆய்வு முடிவு இவ்வீற்றைப் பெற்றவுடன் இயற்கை நியதியின் உறுதியைப் பெற்றுவிடுகிறது. அதனைத் தவிர்க்க 'லாம்' ஈற்றைப் பயன்படுத்தினால் வேறொரு சிக்கல் எழுகிறது. 'பயன் தரலாம்' என்பதில் அது வாய்ப்பைக் குறிக்க, 'நோயாளிகள் உண்ணலாம்' என்பதில் இசைவைக் குறிக்கிறது. ஆய்வாளர் ஐயமாகக் கூறியதை வாசகர் அனுமதியாகக் கொள்ளும் நிலை இதனால் உண்டாகும். 'கூடும்' என்னும் துணைவினை இவ்விடத்தில் ஓரளவு தெளிவு தருகிறது. ஆய்வில் நிகழ்ந்ததை மட்டும் கூறுமிடத்தில் இறந்தகால வினைமுற்றே போதுமானது: 'இம்மருந்தை உட்கொண்டோரிடம் நோய் குறைந்தது.'

மூன்றாவது எண்ணுப்பெயர். 'இரு மடங்கு' என்பது தெளிவானது. 'இரு மடங்கு அதிகம்' என்பதை இரண்டு பங்கு என்றும் மூன்று பங்கு என்றும் கொள்ள இடமுண்டு. இடர் 2 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடானால், அதனை '50 விழுக்காடு உயர்வு' என்றும் 'ஒரு விழுக்காட்டுப் புள்ளி உயர்வு' என்றும் கூறலாம். '100 பேரில் இருவர்க்கு வந்தது, இப்போது மூவர்க்கு வருகிறது' என்னும் தொடர் எவ்வகைக் கலைச்சொல்லும் இன்றி இரண்டையும் உணர்த்துகிறது.

நான்காவது கலைச்சொல். 'ஆய்வு முடிவு' என்னும் வழக்கில் 'முடிவு' என்பது விளைவையும் இறுதியையும் ஒருங்கே குறிக்கிறது. இடைக்கால ஆய்வொன்றின் விளைவும் இச்சொல்லால் இறுதித் தீர்ப்பின் சாயலைப் பெறுகிறது. 'கண்டுபிடிப்பு' என்பது முன்னில்லாத ஒன்றை ஆக்கியதையும் குறிக்கும். எலிகளிடம் கண்ட ஒரு மாற்றத்தைப் 'புதிய கண்டுபிடிப்பு' என்று எழுதினால் மருந்தே வந்துவிட்டதாக வாசகர் கருதுவது வியப்பன்று. விலங்கின் பெயரையும் ஆய்வின் நிலையையும் தலைப்பிலேயே கூறுவது இதற்குத் தீர்வாகும்.

மாற்று வழிகள்

கார்டிஃப் குழுவின் 2014 ஆய்வும் ஓர் உற்றுநோக்கல் ஆய்வே. குறிப்பின் மிகையே செய்தியின் மிகைக்குக் காரணம் என அதனால் உறுதிப்படுத்த இயலாது. இதனை உணர்ந்தே அக்குழுவினர் ஒன்பது செய்தி அலுவலகங்களின் ஒத்துழைப்போடு 312 செய்திக்குறிப்புகளைக் கொண்டு வாய்ப்பு ஒதுக்கீட்டு ஆய்வொன்றை நடத்தி 2019இல் வெளியிட்டனர். சான்றின் வலிமைக்கேற்பத் தலைப்பைத் திருத்துவதும், காரணம் பற்றிய விளக்கத் தொடரைச் சேர்ப்பதும் அதன் வழிமுறைகள். பரிந்துரைத்த மாற்றங்கள் எல்லா இடத்தும் ஏற்கப்படாததால் அதன் முடிவுகள் எளிய வடிவில் அமையவில்லை. எனினும் குறிப்பு சான்றுக்கு ஒத்து அமைந்தபோது செய்தியும் அவ்வாறே அமையும் போக்குக் காணப்பட்டது. எச்சரிக்கைத் தொடரால் செய்தி வெளியாகும் வாய்ப்புக் குறைந்ததற்குச் சான்று இல்லை.

ஐயத்தை வெளிப்படையாகக் கூறினால் மக்கள் நம்பிக்கை இழப்பர் என்பது ஆய்வாளர் பலரின் அச்சம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு, எண்ணின் நிச்சயமின்மையை எல்லை வரம்புகளாகக் கூறும்போது நம்பிக்கை மிகச் சிறிய அளவிலேயே குறைகிறது எனக் காட்டியது. பிரித்தானிய மருத்துவ அறிவியல் கழகம் 2018இல் முன்வைத்த முத்திரை முறையும் குறிப்பிடத்தக்கது. ஆய்வு சக அறிஞர்களால் மதிப்பிடப்பட்டதா, எவ்வகைச் சான்று, மனிதரிடமா விலங்கிடமா நடத்தப்பட்டது என்னும் மூன்றையும் செய்திக்குறிப்பின் தலைப்பிலேயே பொறிப்பது அம்முறை. 2011இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'தி கான்வர்சேஷன்' தளத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்களே எழுத, இதழியல் பயிற்சி உடைய பதிப்பாசிரியர்கள் மொழியைச் செம்மையாக்குகின்றனர். பொருளுக்கான பொறுப்பு ஆய்வாளரிடமே நிற்பது அம்முறையின் சிறப்பு.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகளில் மூல ஆய்விதழ்க் கட்டுரைகள் பலவும் தம் வரம்பைக் கூறியே இருந்தன. தடுப்பூசிக் கட்டுரை தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. ஹார்மோன் கட்டுரை 10,000 பேருக்கு எத்தனை பேர் என்று கணக்குத் தந்தது. அவ்வரம்புகள் மக்களைச் சென்றடையாமல் இடைவழியில் நின்றுபோயின. ஆகவே மக்களுக்கு விளக்குவது என்பது கடினமானதை எளிதாக்குவது மட்டுமன்று. வரம்பையும் எளிதாக்கி உடன் அனுப்புவதாகும்.

யாரிடம் ஆராயப்பட்டது, எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டு, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, இதனால் இன்று எதனையேனும் மாற்ற வேண்டுமா என்னும் ஐந்து வினாக்களுக்கு விடையிருப்பின், செய்திக்குறிப்பு பெரும்பாலும் பழுதின்றி அமையும். தமிழ்த்துறையினர்க்கு இதில் தனிப்பங்கு உண்டு. கலைச்சொல் ஆக்கத்தோடு அறிவியல் தமிழ்ப் பணி நின்றுவிடாமல், ஐயம், வாய்ப்பு, தொடர்பு, காரணம் ஆகியவற்றைப் பிழையின்றி உணர்த்தும் தொடரமைப்புகளை ஆராய்ந்து வகுப்பதும் அப்பணியின் பகுதியாதல் வேண்டும். 'உண்போரிடையே' என எழுதுவதா, 'உண்பதால்' என எழுதுவதா என்பது இலக்கண வினா மட்டுமன்று. அதனைப் படிப்பவர் மறுநாள் காலை தம் மாத்திரையை எடுப்பாரா, விடுப்பாரா என்பதும் அதில் அடங்கியுள்ளது.